சேர்வர் இரண்டு மணிநேரம் விழுந்தது, பில் மட்டும் முழுதாக வந்திருக்கிறது. கிரெடிட், அதாவது சேர்வர் நின்ற நேரத்துக்கான பில் கழிவு, தானாகக் கிடைக்குமா?

பெரும்பாலும் தானாக வராது. நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் கெடுவுக்குள். சேர்வர் வாடகைக்குத் தரும் கூகுள் கிளவுட்டில் 30 நாள். அமேசானின் கிளவுட் சேவையில், சம்பவத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது பில்லிங் சைக்கிள் முடிவதற்குள். நீங்களும் என்னைப்போல் தனியாளாகச் சிலரின் இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்பவர் என்று நினைக்கிறேன். பெரிய கம்பெனி என்றால் இதற்கென்றே ஆள் இருக்கும்.

நான் திருகோணமலையில் இருந்து நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகள் சிலவற்றுக்கு புக்கிங் தளம் நடத்திக் கொடுக்கிறேன். மே முதல் செப்டம்பர் வரைதான் எங்களுக்குச் சீசன், அதில் உழைப்பதை வைத்துத்தான் மாரியைத் தாண்ட வேண்டும். போன ஜூலை 31 இரவு 11.20க்கு சேர்வர் விழுந்து 12.40க்குத்தான் எழும்பியது. 80 நிமிடம். எங்களுக்கு நடுச்சாமம், ஆனால் ஜெர்மனியில் அப்போது இரவு எட்டு மணி, ஆட்கள் ஆறுதலாக இருந்து அறை தேடும் நேரம். விடியவே நிலாவெளி அக்கா அழைத்தார். "தம்பி, ரெண்டு அறை, ஒரு கிழமை. காசு கட்டேக்க நிண்டுபோச்சாம். பிறகு அவையள் வேற இடம் எடுத்திட்டினம்."

இலங்கை நேரத்தைப் போட்டு சேர்வர் கம்பெனிக்கு டிக்கெட் (முறைப்பாடு) அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: மாதத்தில் 99.9 வீத நேரம் சேர்வர் இயங்கும் என்பதுதான் உத்தரவாதம், 31 நாள் மாதத்தில் 44 நிமிடம் வரை விழலாம், உங்களுக்கு ஜூலையில் 40, ஆகஸ்டில் 40, ஆகவே மீறல் இல்லை.

அன்றிரவு நான் தூங்கவில்லை. ஒப்பந்தத்தை முதலிலிருந்து வாசித்தேன். மாதத்தைக் கணக்கிடுவது யூடிசி (உலகப் பொது நேரம்) படி என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அப்படிப் பார்த்தால் விழுந்தது 17.50, எழும்பியது 19.10. 80 நிமிடமும் ஜூலைக்குள்தான்! வெளியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சோதிக்கும் சேவையின் லொக்கையும் (நேர வாரியான பதிவு), எரர் வந்த கோரிக்கைகளின் பதிவையும் சேர்த்துத் திரும்ப அனுப்பினேன். சேர்வர் பதில் தருகிறதா என்று வீட்டிலிருந்து பிங் அடித்துப் பார்த்தது போதாது. உங்கள் லைன் விழுந்திருக்கலாமே என்பார்கள், அது நியாயமான கேள்விதான்.

பத்து வீதம் தந்தார்கள். 62 டொலர் பில்லில் 6.20. அதுவும் காசாக அல்ல, அடுத்த பில்லில் கழிவு. தவறிப்போன புக்கிங்குக்கு எதுவும் இல்லை.

ஆறு டொலருக்கா இவ்வளவு மினக்கெட்டாய் என்று சிலர் கேட்பீர்கள். அவர்கள் எழுத்தில் கொடுத்த வாக்கு அது. முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரத்தை நானும் கணக்கில் சேர்க்கவில்லை, ஒரு நிமிடம்கூடக் கூட்டிக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடுதிக்குப் பெயின்ட் அடித்தவருக்கு அன்றன்றே கூலி கொடுக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். தளக் காசைக் கேட்டால் மட்டும் "சீசன் முடியட்டும் தம்பி." என் கார்டில் மாதாமாதம் டொலரில் கழிகிறது, அதை யாரிடம் சொல்வது? அக்கா அப்படியில்லை, மற்றவர்களைச் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். ஒப்பந்தத்தில் 99.9 என்று இருந்தால் இரண்டு மணிநேரம் கட்டாயம் மீறல்தான். 99.5 என்றால் 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடம் வரை அவர்களுக்கு இடமிருக்கிறது, கிடைக்காது. அதை முதலில் பாருங்கள். அப்புறம், லொக் அழிந்துபோக முதல் இன்றைக்கே இறக்கி வையுங்கள்.