சிங்கப்பூரில் உள்ள ரோட்டரி சங்கங்கள் ஏன் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் நிதி திரட்டுகின்றன?

இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், அப்புறம் எதற்கு இந்த நிதி என்று கேட்டிருக்கிறீர்கள். ரோட்டரி என்பது உலகெங்கும் சங்கங்கள் உள்ள ஒரு தொண்டு அமைப்பு; அந்தப் பணம் வெளிநாட்டுக் கிராமங்களுக்கானது. ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியம் கிடைக்க, வேலை நடக்கும் நாட்டில் ஒரு சங்கமும் வெளிநாட்டில் ஒரு சங்கமும் கைகோக்க வேண்டும். திட்டச் செலவு குறைந்தது 30,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும்.

கட்டுவதை விடக் காப்பதுதான் பெரும்பாடு. அடிபம்பில் தேய்ந்துபோன வாஷரை மாற்ற ஆளில்லை என்றால், ஆழ்துளைக் கிணறு இருந்தும் ஊர் மறுபடி குளத்துக்கே போகும். இரட்டைக் குழிக் கழிப்பறையும் அப்படித்தான். ஒரு குழி நிரம்பியதும் கழிவை மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும்; மூடிய குழியில் இருப்பது ஓரிரு ஆண்டில் மட்கி எருவாகிவிடும். இதை வீட்டுக்காரர்களுக்கு ஒருவர் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். அதனால் நன்கொடை கொடுக்கும் முன், ‘பராமரிப்பு யார் பொறுப்பு?’ என்று தயங்காமல் கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நவம்பர் 19-ஐ உலகக் கழிப்பறை நாளாக ஐ.நா. 2013-இல் ஏற்றது, சிங்கப்பூர் முன்வைத்த தீர்மானத்தால். நமக்கு அதில் பெருமை உண்டு.

சேர ஆசையா? சரி, 18 வயது நிரம்பியிருந்தால், ரோட்டரியின் இளையோர் அமைப்பான ரோட்டராக்ட் சங்கம் ஒன்றின் கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள்.