தொட்டில வளக்குற லெபர்ட் புஷ்ஃபிஷ் மீனு மேல வந்து மேல வந்து காத்து குடிக்குது, செத்துருமான்னு கேட்டவருக்கு

ப்ரோ பயப்படாதீங்க, மூச்சு தெணறல் இல்ல அது. காங்கோ ஆத்துப் படுகை மீனு, நம்ம ஏரில கெடைக்குற பனையேறி மீனுக்கு சொந்தம், செவுளுக்கு மேல மடிப்பு மடிப்பா லேபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு, அதுல நேரா காத்த இழுத்துக்கும். நீங்க தண்ணிய கண்ணாடி மூடி வரைக்கும் ரொப்பி வெச்சதுதான் தப்பு, நாலு விரக்கடை கொறைங்க, மூடி இருக்கட்டும், இல்லன்னா வெளிய குதிச்சிரும். ரெண்டாவதா போட்ட ஏர் பம்ப்ப எடுத்துருங்க, ஓட்டம் அதிகமானா அதுக்கு புடிக்காது.

பெல்லட் (உருண்டத் தீனி) திங்கலன்னு கொளத்தூர் மீன் கடைக்காரர திட்டாதீங்க. என்னோடதும் மூணு வாரம் திரும்பிக்கூட பாக்கல. பதுங்கி புடிக்குற ஜாதி, காஞ்ச எல மாதிரி தலைய சாய்ச்சு மெதுவா மெதந்து வரும், கிட்ட வந்ததும் வாய் கொழா மாதிரி நீளும், எர உள்ள போயிரும். உங்க டேங்க்ல காணாமப்போன குட்டி மீனு நியான் டெட்ராவும் அப்படித்தான் போயிருக்கும், மிச்சத்த இன்னிக்கே வேற டேங்க்குக்கு மாத்துங்க. லைட்ட அணைச்சுட்டு உறைஞ்ச ரத்தப்புழு குடுத்துப் பாருங்க.

ஆனா செவுள் செவந்து வேகமா அடிச்சுதுன்னா மட்டும் உடனே தண்ணில அமோனியா டெஸ்ட் பண்ணிட்டு ரிசல்ட்ட இங்க போடுங்க, நான் நைட்டு பாக்குறேன்.