அமைதியான புயல் வருடம் என்றால் வெள்ள இன்சூரன்ஸை விட்டுவிடலாமா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் பேர்லாந்தில் சொந்த வீடு. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவால் இந்த முறை அட்லாண்டிக்கில் புயல் குறைவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். எங்கள் வீடு, வெள்ள அபாயம் குறைவு என்று அரசு வரைபடம் குறித்திருக்கும் 'எக்ஸ்' மண்டலத்தில் இருப்பதால் வெள்ள இன்சூரன்ஸ் கட்டாயமில்லை என்று ஏஜென்ட்டும் சொல்லிவிட்டார். ஜூனில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, புயல் ஏதாவது கிளம்பினால் அப்போது எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பணம் கட்டலாம், பாலிசியும் கைக்கு வரும். ஆனால் அரசு நடத்தும் வெள்ள இன்சூரன்ஸ் திட்டத்தில் அது அமலுக்கு வர 30 நாள் ஆகும், அதற்குள் புகுந்த தண்ணீருக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

புயல் குறைவான வருடம் எப்படி இருக்கும் என்று பார்க்க 1983 போதும், அதுவும் உங்கள் ஊரிலேயே நடந்தது. அந்த வருடம் அட்லாண்டிக்கில் பெயர் சூட்டும் அளவுக்கு வளர்ந்தவை மொத்தமே 4. 1930-க்குப் பிறகு அவ்வளவு மந்தமான பருவம் வந்ததில்லை, இன்றைய சராசரியோ 14. முந்தைய வருடம் தொடங்கிய பெரிய எல் நினோவின் தாக்கத்தில் கீழே ஒரு வேகம் மேலே ஒரு வேகம் என்று காற்றடித்து, புயல்கள் தலைதூக்கும் முன்பே பிய்ந்துபோயின. ஆகஸ்ட் பாதி வரை பெயர் வைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் அப்போது அங்கே இருந்திருந்தால் பிரீமியம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். ஆகஸ்ட் 15 அன்று மெக்சிகோ வளைகுடாவின் வடக்கில் அலிசியா உருவாகி, 18-ம் தேதி அதிகாலை கால்வெஸ்டன் தீவின் மேற்கு முனை அருகே மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறிவிட்டது. 21 பேர் இறந்தார்கள். ஹூஸ்டன் டவுன்டவுனில் கூரைகளில் பரப்பியிருந்த ஜல்லி பறந்து போய் மோதி உயரமான கட்டடங்களின் கண்ணாடிகள் கொட்டின. பேடவுனில் பிரவுன்வுட் என்றொரு குடியிருப்பு, நிலத்தடி நீரை வருடக்கணக்கில் உறிஞ்சியதால் தரையே பல அடி இறங்கியிருந்த இடம், அதோடு முடிந்தது. இன்று அது இயற்கைப் பூங்கா, ஜனங்கள் பறவை பார்க்கப் போகிறார்கள்.

உருவானதிலிருந்து கரையேற 3 நாள், உங்கள் பாலிசிக்கு 30 நாள். இந்த 30 நாள் விதியை எந்த மகானுபாவர் மாற்றுவார் என்று தெரியவில்லை. 2017-லிருந்து மொத்தத் திட்டத்தையே குட்டிக் குட்டி நீட்டிப்புகளில் ஓட்டிக்கொண்டிருக்கிற நாடாளுமன்றத்திடம் எதை எதிர்பார்ப்பது!

இன்னொன்று, வெள்ளத்துக்குப் பெரும் புயல் தேவையில்லை, சில சமயம் புயலே தேவையில்லை. 2001 ஜூனில் ஹூஸ்டனை மூழ்கடித்த ஆலிசன் என்ற புயல், ஹரிகேன் எனும் கடும் புயல் அளவுக்கு வளரவே இல்லை. 2016 ஏப்ரல் வெள்ளம் வந்தபோது புயல் பருவமே தொடங்கவில்லை.

காத்திருப்பு இல்லாத ஒரு வழி உண்டு, அதைத்தான் ஆளாளுக்குத் தப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக் கடன் புதிதாக வாங்கும்போது, அல்லது பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எடுக்கிற ரீஃபைனான்ஸ் செய்யும்போது, அந்தக் கடனை ஒட்டி வெள்ள பாலிசி எடுத்தால் குளோசிங் நாளிலேயே, அதாவது கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு முடிக்கும் அன்றே, அமலாகும். ஆனால் விண்ணப்பமும் பணமும் குளோசிங்குக்கு முன்போ, அன்றைக்கோ போயிருக்க வேண்டும், மறுவாரம் நினைவு வந்தால் கதை முடிந்தது. ரொக்கமாக வீடு வாங்கியவர்களுக்கு இது கிடையாது. உங்கள் வங்கி கடனை இன்னொரு வங்கிக்கு விற்றுவிட்டு "இனி அங்கே கட்டுங்கள்" என்று கடிதம் போடுமே, அதுவும் புதுக் கடன் ஆகாது. உங்களுக்கு இப்போது ரீஃபைனான்ஸ் ஏதும் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

அப்புறம் ஏஜென்ட் விஷயம். 'எக்ஸ்' மண்டலத்துக்கு வங்கி வற்புறுத்தாது, அவ்வளவுதான் அவர் சொன்னதில் உண்மை. வரைபடத்தில் கோடு போட்ட இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று யார் சொன்னது? சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் தரைவழி ஏறும் வெள்ளத்துக்குப் பணம் தராது என்பதை அவர் சொன்னாரா, கேளுங்கள். பல ஏஜென்ட்கள் வீட்டு பாலிசியை விற்பதில் காட்டுகிற வாய் இதில் காட்டுவதில்லை.

இவரைவிட மோசமானவர்கள் புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டுவார்கள். "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு ரூஃபர் (கூரை வேலைக்காரர்) சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். டிடக்டிபிள் என்பது நஷ்டத்தில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. 2019-லிருந்து டெக்சாஸில் அப்படித் தள்ளுபடி தருவதே குற்றம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் உங்களுக்காகப் பேரம் பேசவும் ரூஃபருக்கு உரிமை கிடையாது. நம் ஆள், கோயிலில் பார்த்த முகம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் என்னிடம் காகிதத்தைக் கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: தேதி தாண்டுவதற்குள் புதுப்பியுங்கள். தாண்டிவிட்டாலும் 30 நாள் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பாலிசி ஒருமுறை அறுந்தால் மறுபடி காத்திருப்பு, பழைய பிரீமியச் சலுகை இருந்தால் அதுவும் போகும். கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், வீட்டுச் சாமானுக்கு 1,00,000. சாமான் தனியாகக் கேட்டால்தான் சேரும், உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.