நான்கு வாரக் கோழிக்குஞ்சு ஒடுங்கி நிற்கிறது, எச்சத்தில் சிவப்பு தெரிகிறது: என்ன நோய், என்ன செய்வது?

(கேள்வியின் சுருக்கம்: வீட்டுப் பின்புறத்தில் முதல் முறையாக 10 குஞ்சுகள் வளர்க்கிறார். வயது 4 வாரம். ஒன்று நேற்றிலிருந்து இறக்கையைத் தொங்கவிட்டு, கண் மூடி ஓரமாக நிற்கிறது. எச்சம் சிவந்திருக்கிறது. மற்றவை நன்றாகத்தான் இருக்கின்றன. காத்திருந்து பார்க்கலாமா, ஏதாவது ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.)

காத்திருக்க வேண்டாம். முதலில் அந்தக் குஞ்சை எடுத்துத் தனியே ஓர் அட்டைப் பெட்டியில் விடுங்கள். அடியில் வெள்ளைத் தாள், ஒரு பக்கத்தில் மட்டும் சூடு தரும் விளக்கு, எட்டும் தூரத்தில் தண்ணீர். சூடு அதிகமானால் குஞ்சு தானாக விலகிப் போக மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். நோய்ப்பட்ட குஞ்சால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. 4 வாரக் குஞ்சாக இருந்தாலும் விளக்குப் பக்கம் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கட்டும். இதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நீங்கள் சொல்லும் வயதும் அடையாளமும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடல் சுவரைத் துளைத்துப் பெருகுவதால் வருவது. மருத்துவர்கள் காக்சிடியோசிஸ் என்பார்கள். 3 முதல் 6 வாரம் வரையிலான குஞ்சுகளை அதிகம் தாக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் கூட்டத்தில் 12 குஞ்சுகள், ஐந்தாவது வாரம். நான்கு நாள் விடாத மழை. தண்ணீர்த் தட்டைச் சுற்றி மரத்தூள் நனைந்து கெட்டியாகிக் கிடந்ததைப் பார்த்தும் வெயில் வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு குஞ்சு ஒடுங்கியபோது குளிர் என்று நினைத்து விளக்கு மட்டும் போட்டேன். மூன்றாம் நாள் காலை மூன்று செத்துக் கிடந்தன. கால்நடை மருத்துவர் ஒன்றைத் திறந்து காட்டினார். கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு உண்டு. அந்தக் குஞ்சில் இரண்டும் விரல் பருமனுக்கு வீங்கி, உள்ளே உறைந்த கருஞ்சிவப்பு இரத்தம் அடைத்திருந்தது. வெளியே இறகில் ஒரு துளி இரத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு என் கூண்டில் ஒரு குஞ்சு ஒடுங்கி நின்றால் நான் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடுவதில்லை.

ஆனால் சிவப்பாகத் தெரிவதெல்லாம் இரத்தம் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். நலமான குஞ்சின் எச்சம் பழுப்பாகவோ பச்சை கலந்தோ இருக்கும், மேலே வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் சிறுநீர் உப்பு படிந்திருக்கும். நடுநடுவே குருட்டுக்குடலிலிருந்து ஒட்டும் பதத்தில், கரும்பழுப்பாக, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு ஒரு எச்சம் வரும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைக் கழிச்சல் என்று பயப்படுவார்கள், அது இயல்பு. குடலின் உள்தோல் உரிந்து இளஞ்சிவப்பு இழை எப்போதாவது வருவதும் உண்டு. ஓடி விளையாடி இரை எடுக்கும் குஞ்சிடம் ஒரே ஒரு முறை அதைப் பார்த்தால் கவலை வேண்டாம். இரத்தம் என்றால் ஈரத் தாளில் பட்டதும் சிவப்பாகக் கசிந்து பரவும், குஞ்சும் சோர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், மருந்தைத் தொடங்குங்கள். இன்னொன்று, ஐமீரியாவில் பல வகை. குருட்டுக்குடலைத் தாக்கும் வகைதான் பளிச்சென்று இரத்தம் காட்டும். சிறுகுடலைத் தாக்கும் சில வகைகளில் இரத்தமே தெரியாது. தண்ணீர்க் கழிச்சல், சளி போன்ற எச்சம், வெளிறிய கால், எடை ஏறாமை, இவ்வளவுதான் இருக்கும். இரத்தம் வந்தால்தான் நோய் என்று காத்திருப்பது பெரிய தவறு.

இப்போது குஞ்சைக் கையில் எடுங்கள். வயிறு உள்ளங்கையில், கால்கள் விரல்களுக்கு நடுவே. நெஞ்செலும்பைத் தடவுங்கள். இருபுறமும் சதை இருந்தால் நோய் புதிது. எலும்பு கத்தி முனைபோல் துருத்தினால் அது பல நாளாக இரை எடுக்கவில்லை, நீங்கள் இன்றுதான் கவனித்தீர்கள் என்று பொருள். கழுத்துக்குக் கீழே சற்று வலப்புறத்தில் தீனிப்பை இருக்கிறது. அடையும் நேரத்தில் அது நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும், விடியற்காலையில் காலியாக இருக்க வேண்டும். மாலையில் காலி என்றால் பட்டினி. காலையிலும் கல்லாக இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பைபோலத் தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே புளித்துவிட்டது. அப்புறம் குஞ்சைக் காதோரம் வைத்து மூச்சைக் கேளுங்கள். கரகரப்போ விசில் போன்ற ஒலியோ வரக் கூடாது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். நான் தினமும் மாலையில், எந்தச் சீக்கும் இல்லாதபோதும், இரண்டு மூன்று குஞ்சுகளை இப்படித் தடவிப் பார்ப்பேன். கோழி பிறருக்கு இரையாகும் பறவை, பலவீனத்தைக் கடைசிவரை மறைக்கும். ஆள் வந்ததும் நிமிர்ந்து நின்று இரை கொத்துவதுபோல நடிக்கும். தூரத்திலிருந்து, அது உங்களைப் பார்க்காதபோது நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்.

சரி, மருந்துக்கு வருவோம். ஐமீரியா பாக்டீரியா அல்ல. அதனால் கையில் இருக்கும் ஆன்டிபயாடிக் எதையாவது கொடுப்பதில் பயனில்லை, நேரம்தான் போகும். பரவலாகப் பயன்படுவது ஆம்ப்ரோலியம். தண்ணீரில் கலந்து கொடுப்பது, ஏனென்றால் சீக்குக் குஞ்சு இரையை விட்டாலும் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும். நோய் வெளிப்படையாகத் தெரியும்போது அளவு 0.024 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 240 மில்லிகிராம் மருந்து. உங்கள் பொட்டலம் 20 சதவீதப் பொடியாக இருந்தால் லிட்டருக்கு 1.2 கிராம். 9.6 சதவீதத் திரவமாக இருந்தால் லிட்டருக்கு 2.5 மில்லி. 3 முதல் 5 நாள் இப்படிக் கொடுத்து, பிறகு அதில் கால் பங்கு அளவை 1 முதல் 2 வாரம் தொடர வேண்டும். சிலர் மூன்றாம் நாள் குஞ்சு துள்ளுவதைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் நோய் திரும்பும். உங்கள் பொட்டலத்தின் மேல் வேறு அளவு போட்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருந்துத் தண்ணீரைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வேறு தண்ணீர் எங்கும் இருக்கக் கூடாது, கூண்டுக்குள் தேங்கிய குட்டைகூட. மிக முக்கியம்: பத்துக் குஞ்சுகளுக்கும் கொடுங்கள். ஒரே தரையைக் கொத்தித் தின்றவை எல்லாமே அந்த ஒட்டுண்ணியை விழுங்கியிருக்கும். ஒன்று முன்னால் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு எச்சரிக்கை. ஆம்ப்ரோலியம் பார்ப்பதற்கு வைட்டமின் பி1 போன்ற மூலக்கூறு. ஒட்டுண்ணி அதை வைட்டமின் என்று எண்ணி எடுத்துக்கொண்டு, உண்மையான பி1 கிடைக்காமல் சாகிறது. பாவம் குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று கூடவே பி காம்ப்ளக்ஸ் கலந்தால் மருந்தின் வேலையை நீங்களே கெடுத்ததாகும். பல எலக்ட்ரோலைட் பொடிகளிலும் பி வைட்டமின் இருக்கும், உறையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். மருந்து முடிந்த பிறகு தாராளமாக வைட்டமின் கொடுக்கலாம்.

தானாகக் குடிக்க முடியாத குஞ்சுக்குச் சொட்டாக விட வேண்டும். இதில்தான் நல்ல எண்ணத்தோடு குஞ்சைக் கொல்வது நடக்கிறது. அலகைத் திறந்து பார்த்தால் நாக்கின் பின்பகுதியில், அது தொடங்கும் இடத்தில் சின்னத் துளை ஒன்று திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாய் வாய். ஊசிக்குழலால் வேகமாகப் பீய்ச்சினால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டை வையுங்கள். அது உள்ளே இழுத்து, தலையைத் தூக்கி விழுங்கும்வரை பொறுங்கள். பிறகு அடுத்த சொட்டு. பத்துச் சொட்டு போக ஐந்து நிமிடம் ஆகலாம், ஆகட்டும்.

மருந்து மட்டும் போதாது, தரையைச் சரிசெய்ய வேண்டும். எச்சத்தோடு வெளிவரும் ஒட்டுண்ணி முட்டைகள் அந்த நொடியில் தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்து ஓரிரு நாளில் முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அதனால் தினமும் எச்சத்தை வழித்தெடுத்தால் சங்கிலி அறுந்துவிடும். வழக்கமான கிருமிநாசினி எதுவும் அந்த முட்டை ஓட்டைத் தாண்டாது; அதன் எதிரிகள் ஈரமில்லாத உலர்வும் சூடும். நனைந்த கூளத்தை அள்ளி அகற்றி உலர்ந்ததைப் போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஒரு கட்டையின் மேல் ஏற்றுங்கள். காலால் சீய்த்து எச்சத்தை உள்ளே தள்ளாது, தண்ணீரும் சிந்தாது. எனக்கு எந்த மருந்தைவிடவும் அந்தக் கட்டைதான் அதிகம் உதவியது.

முடிந்தால் இன்றே புதிய எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இது இரத்தக் கழிச்சலாக இல்லாவிட்டால் வேறு என்னவாக இருக்கலாம்? வயதைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். முதல் வாரத்தில் சாவது பெரும்பாலும் குளிர், வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள்கருப் பையில் கோளாறு, தொப்புள் தொற்று. தொப்புள் ஈரமாக, வயிறு உப்பி, நாற்றம் வந்தால் அந்தக் குஞ்சு தேறுவது அரிது. பின்புறம் எச்சம் காய்ந்து ஒட்டி அடைத்துக்கொள்வதும் இந்த வயதில்தான். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு மெல்லத் துடையுங்கள், பிய்த்து இழுத்தால் தோலும் கூடவே வரும். துடைத்ததும் ஈரத்தைக் காயவைத்துத்தான் கூட்டத்தில் விட வேண்டும். பல குஞ்சுகளுக்கு ஒரே நேரத்தில் இப்படி வெள்ளையாக ஒட்டி, அடுத்தடுத்துச் செத்தால் முட்டை வழியாகவே வரும் சால்மொனெல்லா தொற்றாக இருக்கலாம். பிழைத்தவை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்கலாம். அந்தக் கூட்டத்தை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

கால் கோளாறுகளை மட்டும் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலவற்றைக் குணப்படுத்தலாம், சிலவற்றை முடியாது. பொரித்த சில நாளில் கால்கள் இருபுறமும் விரிந்து போனால் காரணம் பெரும்பாலும் வழுக்கும் தரை. மெல்லிய ஒட்டுத்துணியால் இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் பிணைத்து, சொரசொரப்பான துணியின் மேல் விட்டால் சில நாளில் நிமிரும். விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, கணுக்காலால் நடந்தால் வைட்டமின் பி2 குறைவு; சீக்கிரம் கொடுத்தால் மீளும், வாரக்கணக்கில் விட்டால் நரம்பு திரும்பாது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீண்டு கிடந்தால் மேரெக் நோய் என்று எண்ண வேண்டும். யோசெஃப் மேரெக் என்ற ஹங்கேரி மருத்துவர் 1907இல் விவரித்தது. வைரஸ், மருந்து கிடையாது, முதல் நாளிலேயே போடும் தடுப்பூசி மட்டும்தான். 4 வாரத்தில் இது அபூர்வம், இரண்டு மூன்று மாதத்தில் அதிகம்.

மூச்சில் கரகரப்பு, கண்ணில் நுரை, முக வீக்கம் இருந்தால் மைக்கோபிளாஸ்மா போன்ற சுவாசத் தொற்று. அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, ஆனால் எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் கூளத்தில் பூஞ்சணம் இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

கீழே சொல்வது வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடாதது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், மூச்சுத் திணறல், ஓரிரு நாளில் பல சாவு: இது வெள்ளைக்கழிச்சல் என்கிற இராணிக்கெட் நோயாக இருக்கலாம். பறவைக் காய்ச்சலும் இதே முகத்தோடு வரும். வெறும் கையால் தொடாமல், செத்ததைத் தூக்கி எறியாமல், உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். இராணிக்கெட்டுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து இருக்கிறது. உங்கள் குஞ்சுகளுக்குப் போடவில்லை என்றால் அட்டவணையை மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் சீக்காக இருக்கும்போது தடுப்பு மருந்து போடாதீர்கள், தேறிய பிறகு போடலாம்.

உங்கள் குஞ்சு மருந்து குடித்த இரண்டாம் நாளே தலையைத் தூக்கினால் நல்ல அறிகுறி. இரை எடுத்து, எச்சம் சீராகி, மூன்று நாள் தொடர்ந்து மாலையில் தீனிப்பை நிறைந்த பிறகு கூட்டத்தில் சேருங்கள். நேராக நடுவில் விட்டால் மற்றவை கொத்தும். ஒரு நாள் கம்பி வலைக்கு இப்புறம் வைத்து ஒன்றையொன்று பார்க்கவிட்டு, அடுத்த நாள் இருட்டியதும் எல்லாம் அடைந்திருக்கும்போது நடுவே மெல்ல இறக்கிவிடுங்கள். மறுநாள் காலையில் கதவைத் திறக்கும்போது நீங்கள் அங்கே இருந்து அரை மணி நேரம் பாருங்கள்.