மன்னித்த பிறகும் மனம் கொதிப்பது ஏன்?

கேள்வி: என் அண்ணன் எனக்குச் சேர வேண்டிய சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார். ஜெபத்தில் அவரை மன்னித்துவிட்டேன். ஆயினும் அவரைக் காணும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. நான் மன்னித்தது பொய்யா? அவரை மறுபடியும் நம்பித்தான் ஆக வேண்டுமா?

பதில்: பொய்யன்று. புதிய ஏற்பாட்டில் 'மன்னித்தல்' என்று நாம் வாசிக்கும் இடங்களில் பெரும்பாலும் வருகிற கிரேக்கச் சொல்லுக்குக் கடனைத் தள்ளிவிடுதல் என்ற பொருளும் உண்டு. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து என்ற மாபெரும் கடனை அரசனிடம் தள்ளுபடி பெற்ற ஊழியன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் ஊழியனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். அந்த நூறு பணத்தைச் சொற்பம் என்று பிரசங்கங்களில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வெள்ளிப்பணம் அக்காலக் கூலியாளின் ஒரு நாள் கூலி என்பதால், அது மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. உங்கள் இழப்பு மெய்யானது என்பதை இயேசு மறுக்கவில்லை. அதை வசூலிக்கும் பழிவாங்கலைத்தான் கைவிடச் சொல்கிறார். வசூலைக் கைவிட்டவருக்கும் இழந்தது நினைவுக்கு வரும்போது வலிக்கவே செய்யும். அப்போதெல்லாம் மறுபடியும் கைவிட வேண்டியிருக்கும்.

அன்பைக் குறித்தும் இப்படித்தான். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் அவனுக்கு உதவி செய் என்கிறது யாத்திராகமம் 23:5. அவன்மேல் உனக்குப் பாசம் பொங்குகிறதா என்று அந்த வசனம் கேட்கவில்லை, கையைக் கொடுக்கச் சொல்கிறது.

நம்பிக்கை வேறு. ஆதியாகமத்தில், சொந்தச் சகோதரராலேயே இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டுப் பின்பு எகிப்தில் அதிகாரியான யோசேப்பு, பஞ்சத்தில் வந்த அதே சகோதரருக்குத் தானியம் கொடுத்து, அவர்கள் செலுத்திய பணத்தையும் சாக்கில் திரும்ப வைத்து, மறைவில் அழுதான். ஆனாலும் தன்னை உடனே வெளிப்படுத்தவில்லை. தன்னை விற்க யோசனை சொன்ன அதே சகோதரன் யூதா, தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் யோசேப்பு அழுகையை அடக்கமாட்டாமல் தான் யாரென்று சொன்னான். அத்தகைய மாற்றம் உங்கள் அண்ணனிடம் தென்படாதவரை அவரிடம் பணமோ பத்திரமோ ஒப்படைக்காதிருப்பது பாவமன்று. அவர் வீட்டில் நோயோ துக்கமோ நேர்ந்தால் மட்டும், கூப்பிடட்டும் என்று காத்திராமல் போய் நில்லுங்கள்.