மலர்ச்சாலை ஒப்பந்தத்தில் கையொப்பம் யாருடையது?

கேள்வி: என் தம்பி ஐந்து வாரங்களுக்கு முன் மாரடைப்பால் காலமானான். வயது 54. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து வேலை செய்து, ஓய்வூதியத் திட்டத்துக்குத் தவறாமல் பணம் கட்டியவன். மனைவி இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிந்து போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை, உயிலும் இல்லை. இறுதிக் கிரியைகளை நானே முன்னின்று செய்தேன். இறுதிச் சடங்கை நடத்திய மலர்ச்சாலைக்கு 12,600 டொலர். அதில் 5,000 கட்டிவிட்டேன், மீதியை மாத முடிவுக்குள் கேட்கிறார்கள். முப்பத்தோராம் நாளுக்கு மண்டபம், சாப்பாடு, கல்வெட்டு (நினைவுமலர்) என்று இன்னொரு 5,800. அரசாங்கம் தருவதோ வெறும் 2,500! இப்போது 5,000 தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்தால், மனைவி இருப்பதால் அது கிடைக்காதாம். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவளுக்கு மாதாமாதம் ஓய்வூதியமாம். அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடர முடியுமா? தம்பியின் வங்கிக் கணக்கில் 19,000 டொலர் இருக்கிறது. அட்டையும் இரகசிய எண்ணும் என்னிடம் உள்ளன. எடுத்துக் கட்டிவிடலாமா? கடனட்டை நிறுவனமும் 8,000 டொலர் பாக்கி என்று எனக்கே தொலைபேசி எடுக்கிறது.
– வாசகி, ஒன்ராறியோ (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: வங்கி அட்டையை இன்றே ஓர் உறைக்குள் போட்டு ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு மேலே படியுங்கள்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் தம்பியின் மனைவியைப் பற்றியது. உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மூன்றரைப் பக்கத்தில் ஒரு வரி மட்டுமே சட்டத்துக்குத் தேவை: பிரிந்து இரண்டு ஆண்டுகள். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல், மணவாழ்வு முறிந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரிந்திருந்தால், உயில் இல்லாத சொத்தில் வாழ்க்கைத்துணைக்குரிய பங்கு போய்விடும். பிரிவு உடன்படிக்கையோ நீதிமன்ற ஆணையோ இருந்தாலும் அப்படியே. அப்படி எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே அவர் இன்றும் உங்கள் தம்பியின் மனைவி. பிள்ளைகள் இல்லாததால், கடன்களும் செலவுகளும் போக மிஞ்சும் சொத்து முழுவதும் அவருக்கே. ஆஸ்பத்திரிக்கு வந்தாரா, அழுதாரா என்பதை எந்த நீதிபதியும் கேட்கமாட்டார்.

உங்கள் விடயத்தில் சட்டப்படி முக்கியமான கேள்வி ஒன்றுதான். மலர்ச்சாலை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பணத்துக்குப் பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் யாருடைய கையொப்பம் இருக்கிறது? உங்களுடையது. எனவே மலர்ச்சாலைக்குக் கடன்பட்டவர் நீங்கள். அரசாங்கம் எவ்வளவு தந்தாலும் தராவிட்டாலும் அந்த 12,600 உங்கள் தலையில்தான் இருக்கிறது. அதே நேரத்தில், நியாயமான இறுதிச் செலவு இறந்தவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து முதலில் எடுக்கப்பட வேண்டிய செலவு. கடனட்டைக்கு முன், மனைவியின் பங்குக்கு முன், அது உங்களுக்குத் திரும்ப வரவேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கனடா ஓய்வூதியத் திட்டத்தின் மரணக் கொடுப்பனவான 2,500 டொலரை, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பாளர் இருந்தால் அவர் 60 நாட்களுக்குள் கேட்க வேண்டும். அப்படி எவரும் நியமிக்கப்படாத இடத்தில், இறுதிச் செலவை ஏற்றவர் வரிசையில் முதலில் வருகிறார், வாழ்க்கைத்துணை அடுத்து. எனவே பற்றுச்சீட்டுகளோடு நீங்கள் விண்ணப்பியுங்கள். அது வந்தால் உங்களுக்கு வரவேண்டிய மீதி 10,100. வங்கியில் இருக்கும் 19,000இல் அதைக் கழித்தால் 8,900. கடனட்டைக்கு 8,000. மிஞ்சுவது 900 டொலர். தம்பியின் கடைசி வருமான வரி அறிக்கையில் ஏதும் கட்ட வேண்டி வந்தால் அதுவும் கரைந்துவிடும். நீங்கள் வழக்காடத் துடிக்கும் சொத்து இவ்வளவுதான்.

அந்த உறைக்குள் இருக்கும் அட்டைக்கு வருகிறேன். என் அனுபவத்தில் கட்சிக்காரர்கள் விழுகிற பள்ளம் இதுதான், அதுவும் நல்ல மனிதர்கள்தான் விழுகிறார்கள். தகப்பனை அடக்கம் செய்த மகன் ஒருவர் என்னிடம் வந்தார். தகப்பனின் அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ஐந்நூறு ஐந்நூறாக எடுத்திருந்தார். பூவுக்கு, ஐயருக்கு, வந்தவர்களின் சாப்பாட்டுக்கு என்று உண்மையாகவே செலவழித்தார். சகோதரியின் சட்டத்தரணி வங்கிக் கூற்றை மேசையில் விரித்தார். பதினேழு வரிகளில் மஞ்சள் மை பூசப்பட்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பற்றுச்சீட்டு கேட்டார். அவரிடம் இருந்தவை ஆறு. மற்றவற்றைத் தன் கையிலிருந்து திருப்பிக் கட்டினார். சகோதரியோடு இன்றுவரை பேச்சில்லை. அவர் திருடவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கட்டினார்.

காரணம் எளியது. கணக்கு வைத்திருந்தவர் இறந்த கணத்தில் அந்தப் பணம் அவருடைய சொத்துக்குரியதாகிவிடுகிறது. உயில் இல்லாத இடத்தில், நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும்வரை அதைக் கையாளும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அதிகாரம் இல்லாமல் கையை வைத்தவர், பொறுப்பாளர் போலவே கணக்கு ஒப்புவிக்க வேண்டியவராகிறார். பொறுப்பாளருக்குள்ள உரிமைகள் மட்டும் அவருக்கு இல்லை. உங்கள் விடயத்தில் இது இன்னும் ஆபத்தானது. முப்பத்தோராம் நாளின் 5,800ஐயும் அதே கணக்கிலிருந்து எடுத்தால் கடனட்டைக்குக் கொடுக்கப் பணம் காணாது. அப்போது மனைவி மட்டுமல்ல, கடனட்டை நிறுவனமும் உங்களைத் தேடி வரும்.

முப்பத்தோராம் நாள் செலவைச் சொத்திலிருந்து எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் தம்பிக்கு நீங்கள் செய்த கடமை, நம் வழக்கத்தில் அதைத் தவிர்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீதிமன்றம் ‘நியாயமான இறுதிச் செலவு’ என்று சொல்வது உடலைக் கண்ணியமாக அடக்கம் செய்யவோ தகனம் செய்யவோ ஆகும் செலவை. சொத்தின் அளவு, இறந்தவரின் வாழ்க்கை நிலை இரண்டையும் பார்த்துத்தான் அளக்கும். கடனுக்கே காணாத சொத்து என்றால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். 19,000 டொலர் வைத்திருந்தவருக்கு 12,600இல் கிரியை என்பதைக்கூட ஒரு கடன்காரர் கேள்வி கேட்கலாம். பெட்டிக்கு எவ்வளவு, மண்டபத்துக்கு எவ்வளவு என்று வரி வரியாகப் பிரித்த பட்டியலை மலர்ச்சாலையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி 7,600க்கு அட்டை தேவையில்லை. மலர்ச்சாலைப் பட்டியலையும் மரணச் சான்றையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். இறுதிச் செலவுக்கென்று மலர்ச்சாலையின் பெயருக்கே காசோலை எழுதிக் கொடுப்பது இங்குள்ள வங்கிகளில் வழக்கத்தில் உள்ளது. அந்தப் பணம் உங்கள் கையில் படாது, மஞ்சள் மையும் படாது. கடனட்டை நிறுவனம் அழைத்தால், கோரிக்கையைச் சொத்தின் பெயருக்கு எழுத்தில் அனுப்பச் சொல்லி வைத்துவிடுங்கள். ‘நல்லெண்ணத்துக்காக’ ஐம்பது டொலர்கூடக் கட்டாதீர்கள். அது உங்கள் கடன் அல்ல.

இன்னொரு பள்ளம் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நிகழும் மரணங்களுக்கு, இறந்தவர் ஓய்வூதியமோ ஊனமுற்றோர் ஓய்வூதியமோ பெறாதவராகவும், அவர் மரணத்தால் எவருக்கும் துணைவர் ஓய்வூதியம் (இறந்தவரின் வாழ்க்கைத்துணைக்கு மாதாமாதம் தருவது) கிடைக்காததாகவும் இருந்தால் மட்டுமே கூடுதலாக 2,500 டொலர் உண்டு. பிரிந்திருந்தாலும், தம்பி வேறொரு துணையோடு வாழ்ந்திராவிட்டால், சட்டப்படியான மனைவிக்கு அந்த ஓய்வூதியம் கிடைக்கும். ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட்டது சரி. ‘அவள் மனைவியே அல்ல, தனியாள் என்று எழுதிவிடவா’ என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் பணத்தைத் திருப்பி வாங்குவதோடு அபராதமும் விதிக்கலாம். நாளை அவர் துணைவர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில், இரண்டு படிவங்களும் ஒரே திணைக்களத்தில்தான் இருக்கும்.

வழக்கு? சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் எல்லை 2025 ஒக்டோபர் முதல் 50,000 டொலர். உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் வழக்கைப் பெறச் சொத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும். அவரை நியமிக்கவே செலவாகும், அந்தச் செலவும் இதே 19,000இலிருந்துதான் போகும். எனவே சமரசம் செய்யுங்கள். தம்பியின் மனைவிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மலர்ச்சாலைச் செலவு முழுவதும் சொத்திலிருந்து வரவேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார், முப்பத்தோராம் நாள் செலவை நீங்கள் ஏற்கிறீர்கள், மிஞ்சுவது அவருக்கு, இருவரும் இனி ஒருவர்மீது ஒருவர் உரிமை கோருவதில்லை. கடிதத்தில் அவரைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம் ஒரு சொல்கூட வேண்டாம். நேரில் கொடுக்க மனம் வராவிட்டால் இருவருக்கும் பொதுவான ஓர் உறவினரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாது. தொகை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, ஓய்வூதிய முடிவுகள் மீதான மேன்முறையீட்டைக் கேட்கும் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயமும் அதை ஒரு சதம்கூட உயர்த்த முடியாது. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது, அதில் நான் உங்கள் பக்கம். 1997 வரை இந்தக் கொடுப்பனவு ஆறு மாத ஓய்வூதியத்துக்குச் சமம். ஆனால் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் ஆண்டு வருமானத்தின் உச்சவரம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அந்த ஆண்டு உச்சவரம்பு 35,800, எனவே 3,580 வரை கிடைத்தது. 1998இல் அதை 2,500 என்று வெட்டி உறையவைத்தார்கள். 2025இல் உச்சவரம்பு 71,300. பழைய விதி இருந்திருந்தால் எல்லை 7,130 டொலர். உங்கள் மலர்ச்சாலைக் கணக்கில் பாதிக்கு மேல் அதிலேயே முடிந்திருக்கும். மனைவி இருக்கிறாரா இல்லையா என்பதைப் பார்த்து இறுதிச் செலவுக்குக் கூடுதல் தொகை கொடுப்பதற்கும் நான் காரணம் காணவில்லை. செலவு செய்தவர் ஒருவர், ஓய்வூதியம் பெறுபவர் வேறொருவர் என்ற குடும்பங்களை அந்த விதி எண்ணிப் பார்க்கவேயில்லை.

இதை மாற்ற ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு மட்டும் மனம் வைத்தால் போதாது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்ட, மூன்றில் இரண்டு பங்கு மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். மத்திய, மாகாண நிதி அமைச்சர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டத்தை மீளாய்வு செய்கிறார்கள். ஆகவே உங்கள் கடிதம் நாடாளுமன்ற உறுப்பினரோடு நின்றுவிடாமல் ஒன்ராறியோ நிதி அமைச்சருக்கும் போகவேண்டும். அழுகையை விட 35,800, 71,300 என்ற இரண்டு எண்களும் அங்கே அதிகம் பேசும். நாடாளுமன்றத்துக்கு இணையவழி மனு தொடங்க ஐந்து ஆதரவாளர்களும், முன்வைக்க ஓர் உறுப்பினரும், பிறகு 500 கையொப்பங்களும் தேவை. மலர்ச்சாலைக் கணக்கை முடித்த பிறகு மனுவை எழுதுங்கள். ஐந்து ஆதரவாளர்களில் ஒருவராக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.