கார்டிசால் பார்த்தால் தம்பி மனசு தெரியுமா?

கேள்வி: முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன், டாக்டர். 27 வயதுத் தம்பி போன மாதம் உயிரை விடப் பார்த்தான், காப்பாற்றிவிட்டோம். இப்போது ராத்திரி மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான். பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடினால் இந்த எண்ணம் வருமாமே, ரத்தத்தில் பார்க்கலாமா?

பதில்: அந்தக் காசைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான் கார்டிசாலைச் சுரக்கிறது. அளவு ஏறினால் மூளை ‘போதும்’ என்று நிறுத்தும். கடுமையான மனச்சோர்வில் சிலருக்கு அந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. சரி, அப்படியானால் ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். 2016-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, தற்கொலைக்கு முயன்றவர்களில் 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கார்டிசால் கூடுதலாகவும், மேலே உள்ளவர்களுக்குக் குறைவாகவும் இருக்கும் போக்கு தெரிந்தது. எந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவது? போதாக்குறைக்கு, காலையில் எழுந்த அரை மணி, முக்கால் மணியில் அது உச்சத்தில் இருக்கும், நடுராத்திரியில் அடிமட்டம். ஊசியைப் பார்த்துப் பயந்தாலும் ஏறலாம். ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டை நம்பி நீங்கள் அசந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை.

எனக்கு அந்த மூன்று மணித் திண்ணைதான் பெரிய ரிப்போர்ட். விடியுமுன் விழித்து மறுபடி தூங்க முடியாமல் போவது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம். நாளைக்கு நீங்களும் பக்கத்தில் போய் உட்காருங்கள். “ஏல, சாகணும்ங்கிற நெனப்பு இன்னும் வருதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்குப் பாரம் இறங்கும். “வருது” என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கூட்டி வாருங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து இனி உங்கள் வீட்டில் இருக்கவே கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில மாதங்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகுமே என்று ஒளிக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதச் சொல்கிறது. ராத்திரியில் அவசரமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், வரும்போது தம்பி சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ கொடுக்கும் ஸ்டீராய்டு கார்டிசாலுக்கு உறவுக்காரன். சிலருக்கு மனசையும் தூக்கத்தையும் கலைத்துவிடும். இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.